மலையில் மாட்டிக்கொண்டவரை ஏசலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவாவில் இருக்கிறோம். ஜனவரி கடைசியில் என் கணவரும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் ஃபிராங்கோனியா ரிட்ஜ் என்ற மலைமுகட்டில் ஏறப் போனார்கள். காலை பத்தரைக்குத்தான் காரைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டரை மணிக்கு மேலே போனபோது பலத்த காற்று, பனிமூட்டம். அப்படியும் போய், வழி தவறி, இருட்டிய பிறகு ஆறரைக்கு மேல்தான் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தார்கள். மீட்புக் குழு போய்ச் சேர நடுராத்திரி தாண்டிவிட்டது. அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் உறைந்து காயம், உயிருக்கு ஆபத்தில்லை. செய்தி வந்ததும் ஊரே ஏசுகிறது. "மீட்புச் செலவுக்குப் பில் அனுப்புங்கள்", "செத்திருந்தால் புத்தி வந்திருக்கும்" என்கிறார்கள். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் "வெயிலில் வளர்ந்தவனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை" என்று ஒருவர் போட, பத்துப் பேர் கை தட்டுகிறார்கள். உண்மையைச் சொன்னால், அதையே சொல்லித்தான் நானும் வீட்டில் சண்டை போட்டேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனால் வெளியார் சொன்னால் பற்றிக்கொண்டு வருகிறது. "ஏன் முன்னாலேயே கூப்பிடவில்லை" என்று கேட்டால், "அசிங்கமாகிவிடும், பில் வரும், விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயந்தோம்" என்கிறார். அவரைத் தப்பு சொல்வது நியாயமா? அரசாங்கம் பில் அனுப்பினால் அது நியாயமா? மறுபடியும் போவேன் என்கிறாரே, என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சகோதரி,

விரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், டாக்டர் புத்தி அப்படி. உறைந்த விரல் முதல் சில வாரங்கள் கொப்புளம் விட்டு, கறுத்து, பார்க்கவே பயமாக இருக்கும். எவ்வளவு சதை பிழைத்தது என்று தெளிவாகத் தெரிய வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். அதனால்தான் அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பதில்லை. அதுவரை அந்த விரல் மறுபடி குளிரில் உறையக் கூடாது, யாரும் தேய்க்கக் கூடாது, அவர் சிகரெட் பிடிக்கக் கூடாது. சீழோ காய்ச்சலோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து யாராவது எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டது. நான் இந்த மாநிலத்தின் வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். மலையிலிருந்து இறக்கப்படுகிறவர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். சில இரவுகளில் நானே தன்னார்வலர்களோடு மேலே போவதும் உண்டு. அதனால் என் பதிலில் இரண்டு பக்கத்து வாடையும் அடிக்கும்.

தப்பு சொல்லலாம். தப்பு நடந்திருக்கிறது. ஆனால் எத்தனை மணிக்கு நடந்த தப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏசுகிறவர்கள் பெரும்பாலும் தவறான மணியைப் பிடித்துக்கொண்டு ஏசுகிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே மணி எல்லாம் வரிசையாக இருக்கிறது. பத்தரைக்குப் புறப்பாடு. இரண்டரைக்கு மேலே. ஆறரைக்குமேல் போன். இதில் முதல் இரண்டுக்கும் உங்கள் கணவர் பதில் சொல்லியாக வேண்டும். ஃபிராங்கோனியா சுற்று ஏறக்குறைய 9 மைல். கோடையிலேயே நல்ல நடைக்காரருக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். ஜனவரி கடைசியில் ஐந்து மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். பத்தரைக்கு ஆரம்பித்தால் இருட்டில்தான் இறங்க முடியும் என்பது கீழே கார் நிறுத்துமிடத்திலேயே, கதகதப்பாக உட்கார்ந்து காபி குடித்தபடியே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அதைப் போடாதது தப்பு. அதை நீங்கள் சொல்லலாம், நானும் சொல்கிறேன்.

இரண்டரை மணி அதைவிடப் பெரியது. லிட்டில் ஹேஸ்டாக் உச்சிக்குச் சற்று முன்னால் மரங்கள் முடிந்துவிடும். அதுவரை ஃபர் என்ற ஊசியிலை மரங்களுக்குள் காற்றே தெரியாது. நாலு அடி எடுத்து வெளியே வைத்தால் முகத்தில் அறையும். அந்த இடத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். திரும்பினால் வந்த வழியே, மரத்தின் மறைவில், தெரிந்த பாதையில் இறங்கலாம். போனால் லிங்கன், லஃபாயெட் என்று இரண்டு உச்சிகளைத் தாண்டி, ஒதுங்க இடமில்லாத மொட்டை முகட்டில் கிட்டத்தட்ட 1.7 மைல். பாதையைக் காட்டுவதற்குக் கற்குவியல்கள்தான் உண்டு. மூட்டத்தில் அடுத்த குவியல் தெரியாது. லஃபாயெட்டுக்குக் கீழே இருக்கும் கிரீன்லீஃப் விடுதியும் குளிர்காலத்தில் பூட்டிக்கிடக்கும். அந்த மர எல்லையில் நின்றபோது மூவருக்கும் மூளை நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே எடுத்த முடிவை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எடைபோடுங்கள்.

ஏன் திரும்பவில்லை? நான் பார்த்தவரை, "நாலு மணி நேரம் ஏறியாயிற்று, இனி என்ன" என்பதுதான் முதல் காரணம். நியூ ஹாம்ப்ஷயரில் 4,000 அடிக்கு மேல் 48 சிகரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றாக ஏறி டிக் அடிப்பது இங்கே பலருக்குப் பைத்தியம். லிங்கனும் லஃபாயெட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் கணவர் பட்டியல் வைத்திருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள். அடுத்தது, மூன்று பேரில் முதலில் வாயைத் திறந்து "திரும்பிடலாம்பா" என்று சொல்ல யாருக்கும் மனம் வராதது. அதிலும் ஒரே ஆபீஸ்! ஈயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். ஆபத்தைப் பற்றிப் பயிற்சி பெற்றவர்களும் மாட்டியிருக்கிறார்கள் என்று கண்டார். பழகிய இடம், தொடங்கியதை முடிக்கும் பிடிவாதம், கூட்டத்தில் ஒருவரை மட்டும் நிபுணராக நம்பிவிடுவது, பிறர் முன்னால் நல்ல பெயர் எடுக்கும் ஆசை என்று அவர் வரிசைப்படுத்திய பொறிகளில் அறிவுக்குறைவுக்கு இடமே இல்லை.

உங்கள் வாட்ஸ்அப் குழுக்காரரின் "வெயிலில் வளர்ந்தவன்" பேச்சை இங்கேயே முடித்துவிடுவோம். பாஸ்டனிலும் இந்த மாநிலத்து மான்செஸ்டரிலும் பிறந்து, நடக்கப் பழகும்போதே பனியில் விழுந்து எழுந்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் இறக்கிக்கொண்டு வருகிறோம். 2015 பிப்ரவரியில் இங்கே மேடிசன், ஆடம்ஸ் சிகரங்களுக்கு இடையே இறந்துபோன 32 வயதுப் பெண் உலகின் பெரிய மலைகளில் ஏறிப் பழகியவர். உடல் வலு, விலை உயர்ந்த உடுப்பு, ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி எல்லாம் அவரிடம் இருந்தன. அன்றைய வானிலை எச்சரிக்கையும் எல்லாரும் பார்க்கக் கிடைத்தது. அவரைத் தேடிப் போனவர்கள் நிற்கவே முடியாத காற்றில் தவழ்ந்திருக்கிறார்கள். பிறந்த ஊர் எது என்று பார்த்துப் புயல் யாரையும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று தனியாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உயரத்தின் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். லஃபாயெட் 5,249 அடி, அதாவது 1,600 மீட்டர். நமக்குக் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டே அதைவிட உயரம். இங்கே எல்லாவற்றிலும் பெரிய மவுண்ட் வாஷிங்டனே 1,917 மீட்டர்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலாப்பழமும் மிளகாய் பஜ்ஜியும் தின்றபடி போய்வரும் தொட்டபெட்டா 2,637. "இவ்வளவுதானா" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் இந்த மலைகள் 44-ஆவது அட்சரேகையில் இருக்கின்றன. வடகிழக்கு அமெரிக்காவைக் கடக்கும் புயல்களின் பல பாதைகள் இங்கே வந்து சந்திக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இந்தத் தொடர் குறுக்கே நின்று அதை நெருக்கி மேலே ஏற்றுகிறது. வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவானது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் புயல் ஒன்று அதை முறியடிக்கும்வரை அதுதான் உலக சாதனை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே காற்றும் குளிரும் சேர்ந்து உடம்புக்கு உணர்த்திய குளிர் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். மரங்கள் 4,500 அடி வாக்கிலேயே நின்றுவிடுவது சும்மா இல்லை. அதற்குமேல் மரமே வேண்டாம் என்று முடிவு செய்த இடம் அது.

சரி, மூன்று மணிக்குப் பிறகு நடந்ததற்கு வருகிறேன். இங்கே என் தொழில் பேசும்.

உடம்பின் உள்வெப்பம் 37-லிருந்து 35-க்குக் கீழே இறங்கும்போது ஹைப்போதெர்மியா ஆரம்பிக்கிறது. உடம்பு வெடவெடவென்று நடுங்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். கால் இடறும், நாக்கு குழறும், கையில் எடுத்தது நழுவும், ஆள் சிடுசிடுப்பார். கூட வந்தவர்கள் "களைத்துவிட்டார், அதான் எரிந்து விழுகிறார்" என்று நினைப்பார்கள். 32 வாக்கில் நடுக்கம் அடங்கத் தொடங்கும். பார்க்கிறவருக்கு "இப்போது தேவலை" என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் மூளை அணைந்துகொண்டிருக்கிறது. 28-க்குக் கீழே போனால் இதயமே தாளம் தப்பலாம். சிலர் அந்தக் கட்டத்தில் உடம்பெல்லாம் எரிவதாக உணர்ந்து ஆடைகளைக் கழற்றிவிடுவதும் உண்டு.

ஒரு இளைஞரை முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையின் பின்னால் கண்டுபிடித்தோம். இமை மயிரில் பனி கட்டியிருந்தது. மேலே ஒற்றை ஃபிளீஸ் சட்டை மட்டும். ஜிப் பாதி நெஞ்சில் நின்றது, அதற்குமேல் இழுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த அவர் பையைத் திறந்தால் தடித்த வாத்து இறகு ஜாக்கெட் மடித்தபடியே இருக்கிறது. செய்தியில் அது வந்தது. "பையிலேயே ஜாக்கெட் இருந்ததாம், எடுத்துப் போடத் தெரியலையாம்!" என்று எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீனிலேயே ஒருவர் சிரித்தார். நடந்தது இதுதான்: போனில் வரைபடம் பார்க்கக் கையுறையைக் கழற்றியிருக்கிறார், அதில் ஒன்று காற்றில் போய்விட்டது. பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. மரத்த விரலால் பையின் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு, ஜாக்கெட் வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த சூடான சர்க்கரைத் தண்ணீரின் மூடியை அவரால் பிடிக்க முடியவில்லை. இன்னொருவர் பிடித்து வாயில் வைத்தார். முட்டாள்தனம் என்று சிரிக்கப்பட்டது அந்த ஆளின் நோய்க்குறி.

ஆகவே இருட்டிய பிறகு உங்கள் கணவர் எந்தப் பக்கம் இறங்கினார், எதைக் கீழே போட்டார், ஏன் அங்கே உட்கார்ந்தார் என்று யாராவது குறுக்கு விசாரணை செய்தால், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. குளிர்ந்த மூளை எடுத்த முடிவுகள் அவை. வீட்டில் நீங்களும் அந்தக் கேள்விகளை விட்டுவிடுங்கள்.

கேட்டால் ஏசுகிறவர்கள் சொல்வார்கள், "எனக்கு அப்பவே தெரியும்" என்று. தெரிந்திருக்காது. 1975-இல் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1814-இல் ஆங்கிலேயர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றி ஒரே குறிப்பைப் பலரிடம் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு ஆங்கிலேயர் வென்றதாகவும், இன்னொரு பிரிவினருக்குக் கூர்க்காக்கள் வென்றதாகவும், மற்றவர்களுக்கு வேறு முடிவுகளாகவும் சொன்னார். "முடிவு தெரியாமல் இருந்திருந்தால் எது நடக்கும் என்று நினைத்திருப்பீர்கள்?" என்று கேட்டபோது, பெரும்பாலும் அவரவர் தமக்குச் சொல்லப்பட்ட முடிவையே முன்கூட்டி ஊகித்திருப்போம் என்றார்கள். அதே ஜனவரி நாளில், அதே பத்தரை மணிக்குக் கிளம்பி, மூட்டம் சற்று விலகியதால் தப்பி, இரவு எட்டு மணிக்கு வீட்டில் போட்டோ போட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு "சூப்பர் ப்ரோ" என்று வாழ்த்துச் சொன்ன அதே கைகள்தான் இப்போது ஏசிக்கொண்டிருக்கின்றன. தப்பு இருவருடையதும் ஒன்றுதான்.

இதில் எனக்கு ஒருபோதும் மனதைவிட்டுப் போகாத சம்பவம் 1982-இல் நடந்தது. ஜனவரி 23 அன்று ஹியூ ஹெர் என்ற 17 வயதுப் பையனும் அவனுடைய 20 வயது நண்பனும் மவுண்ட் வாஷிங்டனின் ஹன்டிங்டன் பள்ளத்தாக்கில் ஓடெல்ஸ் என்ற, பனி உறைந்த செங்குத்தான பிளவில் ஏறினார்கள். ஹெர் அந்த வயதிலேயே நாடறிந்த பாறையேறி. ஏறுவதற்காகப் பாரத்தைக் குறைக்க சில சாமான்களைக் கீழேயே விட்டுவிட்டார்கள். ஏறி முடித்ததும் அப்படியே திரும்பாமல், உச்சியைத் தொட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். வெள்ளை மூட்டத்தில் திசை மாறி, மலையின் மறுபக்கத்தில் கிரேட் கல்ஃப் என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டார்கள். மூன்று இரவுகள் அங்கேயே. அவர்களைத் தேடிப்போன தன்னார்வலர்களில் ஆல்பர்ட் டோ என்பவர் ஜனவரி 25 அன்று பனிச்சரிவில் சிக்கி இறந்தார். அவருக்கு வயது 28. மறுநாள் தற்செயலாக அந்தப் பக்கம் பனிக்காலணியில் நடந்துவந்த ஒரு பெண் கண்ணில் பட்டு, இருவரும் பிழைத்தார்கள். ஹெர்ருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போதும் ஏசினார்கள். ஒரு நல்ல மனிதன் இரண்டு பையன்களின் அவசரத்துக்காகச் செத்தான் என்றார்கள். அதில் உண்மை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. உங்கள் கணவரைத் தேடி நள்ளிரவில் ஏறியவர்களுக்கும் அது நடந்திருக்கலாம். தச்சர், பள்ளி ஆசிரியை, நர்ஸ் என்று பல தொழில்காரர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒரு மைல் இறக்க ஆறு ஆறு பேராக மாறி மாறித் தூக்க வேண்டும், கால் முட்டிவரை புதையும் பனியில். அந்தக் கடனை அவர் மறக்கக் கூடாது. "யாரையும் நான் கேட்கவில்லையே" என்று ஒருநாள் அவர் வாயில் வந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

ஆனால் கதையின் மீதியைச் சொல்லி ஹெர்ரை மன்னிக்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஹெர் பின்னாளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, செயற்கைக் கால்களில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஆராய்ச்சியைச் செய்தார். தானே வடிவமைத்த கால்களோடு மறுபடி பாறை ஏறினார். உடனே "பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே" என்று முடித்துவிடுகிறார்கள். அவர் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு சாதாரணமாக வாழ்ந்திருந்தால், 1982-இல் எடுத்த முடிவு இன்னும் மோசமானதாகிவிடுமா? விபத்தில் முடிந்ததற்காக ஏசுவதும், சாதனையில் முடிந்ததற்காக விட்டுக்கொடுப்பதும் ஒரே குற்றம். ஓடெல்ஸ் உச்சியில் அன்று நின்ற பையனுக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. அந்த அளவுகோலில், மூட்டத்துக்குள் உச்சியை நோக்கி நடந்தது தப்பு. அதற்கு ஆல்பர்ட் டோவின் மரணமும் தேவையில்லை, எம்.ஐ.டி.யும் தேவையில்லை.

மீட்புக்காரர்களுக்குக் கோபமே வராது என்று நினைக்க வேண்டாம். நன்றாக வரும். இருக்கும் இடத்தைப் பொய் சொல்பவர்கள், நடக்க முடியாத நண்பனை விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கியவர்கள், கால் வலிக்கிறது என்று டாக்ஸி கூப்பிடுவது மாதிரி கூப்பிடுபவர்கள், இவர்களைப் பற்றிக் கீழே வந்து சூப் குடிக்கும்போது காதுகூசப் பேசுவார்கள். ஆனால் நான் கேட்டவரை, சீக்கிரம் கூப்பிட்டவரை யாரும் திட்டியதில்லை.

இப்போது பில். நியூ ஹாம்ப்ஷயரில் மீட்புக்குப் பொறுப்பு, மீன்பிடிப்பையும் வேட்டையையும் கவனிக்கும் ஃபிஷ் அண்ட் கேம் துறை. பொறுப்பில்லாமல் நடந்து மாட்டிக்கொண்டவரிடம் செலவை வசூலிக்கலாம் என்று 1999-இல் சட்டம் வந்தது. 2008-இல் அதை இன்னும் இறுக்கி, சாதாரண கவனக்குறைவே போதும் என்று மாற்றினார்கள். செயற்கை இடுப்பு மூட்டோடு ஃபிராங்கோனியா முகட்டுக்குப் போய், அது நழுவி, தூக்கிவரப்பட்ட ஒருவர் பில்லை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-இல் அரசின் பக்கம்தான் தீர்ப்பு. இருந்தாலும் மீட்கப்படுகிற எல்லாருக்கும் பில் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான் வருகிறது. 2015 முதல் ஹைக் சேஃப் கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். தனியாளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35, ஓராண்டுக்குச் செல்லும். அது இருந்தால் கவனக்குறைவுக்கு வசூல் கிடையாது. கண்மூடித்தனமாக நடந்தால் அதுவும் காப்பாற்றாது. அந்தப் பணம் மீட்பு நிதிக்குத்தான் போகிறது. உங்கள் கணவரிடம் அது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

நியாயமா என்றால், என் அபிப்பிராயம் பாதிப் பாதி. படகுக்கும், பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் பதிவு செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு டாலராகக் கட்டுவதிலும் இந்த மீட்பு நிதி ஓடுகிறது. மலைக்கே போகாத மீன்பிடிப்பவர், பத்தரைக்குக் கிளம்பியவருக்காக ஏன் கொடுக்க வேண்டும் என்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அமெரிக்க மலை மீட்புக் குழுக்களின் சங்கமே, மீட்கப்பட்டவரிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. அவர்கள் காரணம் கருணை இல்லை, கணக்கு. பில்லுக்குப் பயந்து ஆள் தாமதமாகக் கூப்பிடுவார். இருட்டில், புயல் முற்றிய பிறகு, நடக்கக்கூடியவர் தூக்க வேண்டியவராக மாறிய பிறகு கூப்பிடுவார். தேடிப்போகிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

உங்கள் கணவர் சொன்ன மூன்று காரணங்களையும் மறுபடி படித்துப்பாருங்கள். அசிங்கம், பில், விசா. மூட்டத்தில் பாதை தெரியவில்லை என்று எப்போது உறுதியானது? நாலு மணி என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளிச்சம் இருந்தது, பேட்டரி இருந்தது, விரல் வேலை செய்தது. போனிலேயே இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிகாரி வழி சொல்லி நடத்தி இறக்கியிருக்கவும் கூடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் விரல்கள் உறைந்தன. அந்தத் தாமதத்தில் அவர் பங்கு பாதி. மீதிப் பாதி, இதற்கு முந்தைய வருடங்களில் யாரோ மாட்டிக்கொண்டபோது "அறிவுகெட்டவன்" என்று எழுதி மகிழ்ந்த எல்லாருக்கும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இளைஞர் எவராவது அடுத்த குளிர்காலத்தில் அதே முகட்டில் நிற்பார். அந்தப் பத்துக் கைதட்டல்கள் அப்போது அவருக்கு ஞாபகம் வரும். போனை எடுத்துவிட்டு மறுபடி பைக்குள் வைப்பார். குழுவில் நீங்கள் ஏதாவது எழுத விரும்பினால் சண்டை வேண்டாம், இதை மட்டும் எழுதுங்கள்: எங்கள் வீட்டில் விரல் உறைந்ததற்குக் காரணம் தாமதமாகக் கூப்பிட்டது, நீங்கள் மாட்டினால் வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

விசா பயத்துக்கு ஒரு வார்த்தை. ஆபத்தில் 911-ஐ அழைப்பது குற்றம் இல்லை. மீட்புச் செலவு பில்லாக வந்தாலும் அது கொடுக்கல் வாங்கல் விவகாரம். மனம் ஆறவில்லை என்றால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். வெளியார் ஏசுவதும் நீங்கள் ஏசுவதும் ஒன்றில்லை, அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். அவர்களுக்கு அந்த மலையில் எதுவும் பணயமாக இல்லை. நீங்கள் அன்று இரவு போனைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் அப்பா வருவார் என்று சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருந்தவர். "என்னையும் பிள்ளைகளையும் நீ கணக்கில் எடுக்கவில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு, சொல்லுங்கள். ஆனால் "முட்டாள்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு அவரிடம் பதில் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த முறை உங்களிடம் சொல்லாமல் போவார். "இரண்டரை மணிக்கு மரத்தடியில் நின்றபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கிறது, பெரும்பாலும் அழுகையோடு வரும். மீட்கப்பட்டவர்களில் பலருக்கு மாதக் கணக்கில் தூக்கம் கெடுவதைப் பார்க்கிறேன். திடுக்கிட்டு எழுந்து கையைப் பார்த்துக்கொள்வது, காற்றுச் சத்தம் கேட்டால் முகம் மாறுவது என்று ஏதாவது கவனித்தால் உங்கள் குடும்ப டாக்டரிடம் மனநல ஆலோசகருக்குச் சீட்டு வாங்குங்கள்.

மறுபடி போகட்டுமா? இந்தக் குளிர்காலம் கிடையாது, அது என் மருத்துவ உத்தரவு என்றே சொல்லிவிடுங்கள். ஒருமுறை உறைந்த விரல் அடுத்தமுறை சீக்கிரம் உறையும். அதற்கப்புறம், நான் தடுக்கச் சொல்ல மாட்டேன். இந்தப் பாடத்தை இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற ஆள், கற்காதவரைவிடப் பத்திரமானவராக ஆக முடியும்; ஆவாரா என்பது அவர் தயாராகும் விதத்தில் தெரிந்துவிடும். குளிர்கால மலையேற்றப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரட்டும். கிளம்புவதற்கு முந்தைய மாலையும் அன்று காலையும், மவுண்ட் வாஷிங்டன் வானிலை நிலையம் உயர்ந்த சிகரங்களுக்கென்று தனியாக வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்கட்டும். போனில் வரும் ஊர் வானிலை முகட்டுக்குப் பொருந்தாது. ஹெட்லாம்ப் இரண்டு, கையுறை இரண்டு ஜோடி, பருத்தி உடுப்பு எதுவும் கூடாது. பவர் பேங்க் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில்.

இவை எல்லாம் சாமான். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒரு தாள். அதில் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவது, யார் யார் கூட வருகிறார்கள், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். திரும்பும் மணியை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், மலையில் இல்லை. அதன் கீழே இன்னொரு மணியை நீங்கள் எழுதுங்கள்: அதற்குள் போன் வராவிட்டால் நான் 911-ஐ அழைப்பேன் என்று. அழைத்தும் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அவர் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு "இப்பதான் இறங்கினேன், அதுக்குள்ள ஏன் கூப்பிட்டே" என்று சிணுங்கினால் சிணுங்கட்டும்; உடனே திரும்ப அழைத்து, ஆள் வந்துவிட்டார் என்று சொன்னால் போதும், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.